சுசீலா மாற்றி எடுத்த அட்டை

சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். முன்பு நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் தொட்டார், இப்போது இப்படி இருக்கிறேன் என்று. நாமும் கை தட்டுவோம். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுசீலாவின் கதை அப்படிச் சொல்லிவிட்டு உட்காரக்கூடிய கதை இல்லை. அவளும் எழுந்து சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, வாய் இருக்கிறது. அவளிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "சொல்லுங்க பெரியம்மா. ஆனா என்னை நல்லவளாக்கிச் சொல்லாதீங்க" என்றாள். ஆக்கப்போவதில்லை.

அவளும் நானும் மலேசியாவில் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்த பிறகு, ஊர் ஓரத்துத் தாமான் குடியிருப்பில் எங்களுக்கு எதிரெதிர் வீடு கிடைத்தது. அவள் புருஷன் தனபாலன் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலையை வெட்டுகிறவன். தோட்டத்து வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து நிறைந்த பிறகும் அவன் விடவில்லை, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போய்விடுவான். சுசீலாவும் பின்னால் உட்கார்ந்து போவாள். அவன் வெட்டித் தள்ளுகிற குலையிலிருந்து சிதறும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பது அவள் வேலை. ஒரே மகள் அனுசியா. மலாக்கா டவுனில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனி ஞாயிறு வருவாள்.

சுசீலா சபைக்கு வந்தது ஆண்டவரைத் தேடி அல்ல, பாடுவதற்கு இடம் தேடி. தோட்டத்துக் கோயிலில் பஜனை இருந்தவரைக்கும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். லயத்தோடு அதுவும் போயிற்று. எங்கள் சபை ஜாசின் கடைவீதியில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே சாமான் வாங்க வந்தவள், பாட்டுச் சத்தம் கேட்டு மாடி ஏறினாள். ஏறியவள் கடைசி வரிசையில் நின்று எங்களைவிட நன்றாகப் பாடினாள். ஜெபம் தொடங்கியதும் இறங்கிப் போய்விட்டாள்.

இப்படியே வெகுகாலம் போயிற்று. பாட்டுக்கு இருப்பாள், ஜெபத்துக்குப் போய்விடுவாள். பிறகு ஜெபத்துக்கும் இருந்தாள், கண்ணைத் திறந்துகொண்டு. பிறகு கண்ணை மூடினாள். ஞானஸ்நானம் எடுக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின. எந்த நாளில் அவள் விசுவாசி ஆனாள் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தனபாலன் தடுக்கவில்லை. "ஒனக்குப் பிடிச்சா போ. என்னைக் கூப்பிடாதே" என்று ஒரே தடவை சொன்னான், அதோடு சரி. வீட்டில் அவனுடைய சாமி படங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை அவன் வேலை முடிந்து வர நேரமாகும் என்பதால் சுசீலாவே படங்களைத் துடைத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தயாராக வைப்பாள். அவன் வந்து குளித்துவிட்டு ஏற்றிக்கொள்வான். சபையில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. பாஸ்டர் கிருபாலனிடம் போய்ச் சொன்னார்கள். பாஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாக்காவில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சுசீலா சொன்னாள்: "அது அவரு சாமி, பாஸ்டர். அவரு சட்டையத் தொவைக்கிறேன்ல, அது மாதிரி."

பாஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

வருஷப் பிறப்புக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபை வழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னச் சின்ன அட்டைகளில் ஆளுக்கொரு வசனம் அச்சிட்டு, எழுத்து தெரியாதபடி கவிழ்த்து, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஜெபம் பண்ணிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுதும் ஆண்டவர் உனக்குச் சொல்கிற வார்த்தை அது என்று நம்பிக்கை. ஆசீர்வாதம் பற்றி வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவார்கள். கண்டிப்புச் சொல்கிற வசனம் வந்தவர்கள் சத்தமில்லாமல் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

நான் சொல்லுகிற அந்த வருஷப் பிறப்பின்போது தனபாலன் காலில் புண் இருந்தது. செம்பனை மட்டையின் முள் பூட்ஸின் அடியைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவனுக்குச் சர்க்கரை வியாதி, பாதம் மரத்துப்போயிருந்தது. முள் ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றும்போது காலுறை நனைந்திருந்ததைப் பார்த்து சுசீலாதான் கண்டுபிடித்தாள். கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். ஆறவில்லை.

தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. சுசீலா தனக்கு ஒன்று எடுத்தாள், பார்க்காமலே மடியில் வைத்தாள். பிறகு, "பாஸ்டர், அவருக்கும் ஒண்ணு எடுக்கலாமா?" என்று கேட்டாள். பாஸ்டர் தலையசைத்தார். கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்து ஒரு அட்டையை எடுத்தாள். அதில் தேரும் குதிரையும் என்று ஏதோ வந்தது. அவள் வாய்க்குள் படித்தது என் காதில் விழுந்தது. சட்டென்று அதைக் கவிழ்த்துத் தட்டில் மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டு, வேறொன்றை எடுத்தாள். அதில் உன் நோய்களையெல்லாம் குணமாக்குவேன் என்கிற பொருளில் வசனம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, பாத்தீங்களா!"

"பாத்தேன். ரெண்டையும் பாத்தேன்."

"மொதல்ல வந்தது கை தவறி வந்துருச்சு பெரியம்மா. நமக்கு எதுக்குக் குதிர? மோட்டாருக்கே எடம் இல்ல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அட்டையைப் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். தனபாலன் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, தேதி போடலையே?" என்றான்.

"இந்த வருஷத்துக்குள்ளங்க. வருஷத்துக்குத்தான் அட்டை."

"அப்ப டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு ஒஞ்சாமிக்கு" என்று சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பில் அது ஏறக்குறையக் கடைசி.

புண் கறுத்தது. கட்டை அவிழ்த்தால் வாசலில் நிற்கிறவருக்கு நாற்றம் அடித்தது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் இளவயது மலாய்க்காரப் பெண், பொறுமையாக விளக்கினார். அனுசியா தமிழில் சொன்னாள். விஷம் மேலே ஏறுகிறது, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, பிறகு செயற்கைக் கால் வைத்து நடக்கலாம், தள்ளிப்போடக்கூடாது என்றார்.

தனபாலன் டாக்டரைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே?"

"எடுக்க வேணாங்க. வசனம் வந்திருக்கு."

"அம்மா!" அனுசியா கத்தியதில் அடுத்த கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "அப்பா காலும்மா. ஒங் கார்டு இல்ல!"

"ஆண்டவர் சொன்னதை நான் எப்படிடி மாத்த முடியும்?"

"அவரு டாக்டர் வழியா சொல்லக்கூடாதா? அட்டையிலதான் சொல்வாரா?"

"நீ சபைக்கு வராதவ. ஒனக்கு இது புரியாது."

அனுசியா அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. நீங்க அந்தச் சாமிய நம்புறவரு இல்லையே?"

தனபாலன் போர்வையை இழுத்துக் காலை மூடினான். பிறகு, "ஒங்கம்மா நம்புறாளே" என்றான். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சபையிலிருந்து ஆட்கள் வந்து ஜெபித்தார்கள். சிலர் உரக்க ஜெபித்தார்கள், காலுக்குக் கட்டளை போடுவது மாதிரி. சுசீலா பாசார் சந்தையிலும் கடையிலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், ஆண்டவர் என் புருஷன் காலைத் தருவார், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று. பாஸ்டர் வந்தார். கட்டிலருகே நின்றவருக்கு நாற்றத்தில் கண் கலங்கியது. கூடத்துக்கு வந்து, "சுசீலா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி பாஸ்டர்? அட்டையக் கொடுத்தது நீங்கதானே?"

"நான் கொடுக்கலம்மா. தட்டுல வச்சேன். அது கடையில பாக்கெட்டா வாங்கினது. எல்லாச் சபையிலயும் அதே பாக்கெட்டுதான்."

"அப்ப அது பொய்யா?"

"வசனம் பொய் இல்ல. ஆனா நாம நெனச்ச மாதிரி, நெனச்ச நேரத்துல செய்யணும்னு ஆண்டவரைக் கட்டிப்போட முடியாதும்மா."

"அப்ப எதுக்கு பாஸ்டர் தட்டுல வச்சீங்க?"

அந்த மனிதர் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் பாஸ்டர் இல்லை. எனக்கு நாகரிகம் பார்க்கத் தெரியாது. அடுப்படிக்குப் போய் நேராகவே கேட்டேன்: "ஏண்டி, அது ஆண்டவர் கையிலேருந்து வந்ததுன்னா, மொதல்ல வந்ததை ஏன் திருப்பி வச்சே? ரெண்டாவது தடவ எடுத்தது ஒங்கையா, அவர் கையா?"

கரண்டியைச் சட்டிக்குள் போட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "வெளிய போங்க பெரியம்மா" என்றாள்.

போனேன். மறுநாள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். முகத்தைப் பார்க்காமல் சட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதற்கு மறுநாளும் போனேன். சாத்தட்டும், எனக்கென்ன.

இதற்கிடையே தனபாலன் குறைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினான். "வலி இல்ல. நேத்துக்கு இன்னைக்குத் தேவல" என்பான். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்துகூடக் காட்டினான். சுசீலா அதைச் சபையில் போய்ச் சொன்னாள். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் சுசீலா பழம் பொறுக்குவதை விட்டுவிட்டு முற்பகலிலேயே வீடு திரும்பினாள். அவள் வந்த சத்தம் மழையில் கேட்கவில்லை. தனபாலன் பாத்ரூம் தரையில் கிடந்தான். துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். பாதம் மரத்துப்போயிருந்தாலும் விஷம் ஏறிய கெண்டைக்கால் மரக்கவில்லை. காலிலிருந்து எழும்பியது மனித உடம்பின் நாற்றமாகவே இல்லை என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

துண்டை உருவினாள். "எப்பலேருந்துங்க இப்படி?"

"போகவே இல்ல சுசீலா. வலி போகவே இல்ல."

"பின்ன ஏன் கொறஞ்சிருச்சுன்னு சொன்னீங்க?"

"நீ ஊரெல்லாம் சொல்லிட்டே. சரியாகலன்னா ஒஞ்சாமிக்கு அசிங்கமாப் போயிரும்ல."

அவள் என்னைக் கூப்பிட்ட சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. தனபாலனின் தம்பி சேகரனுக்கு ஆள் அனுப்பினோம், அவன் காரைக் கொண்டுவந்தான். பின் சீட்டில் தனபாலன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலாக்கா போய்ச் சேரும்வரை சுசீலா ஜெபிக்கவில்லை, அழவும் இல்லை. அதே டாக்டர்தான் இருந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. இப்போது முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். எடுத்தார்கள். அனுசியா வந்தாள், அம்மாவைத் தாண்டிக்கொண்டு போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுசீலா சுவரில் இருந்த அட்டையைப் பிய்த்தாள். சுவரின் சாயமும் சேர்ந்து உரிந்து வந்தது. "அது பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்றான் தனபாலன் படுக்கையிலிருந்து.

சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷப் பிறப்புக்குப் பாஸ்டர் தட்டைக் கொண்டுவரவில்லை. ஒருத்தி செய்ததற்காக எல்லாருக்கும் இல்லையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அந்த நல்ல மனிதருக்கும் அந்த வருஷத்தில் வயதாகிப்போயிற்று.

நான் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டு வாசலில் நின்று, "வர்றியா?" என்பேன். "இல்ல" என்பாள். போய்விடுவேன். ஒரு நாள், "ஜெபமாவது பண்றியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"கோவமா?"

"கோவந்தான். யார் மேலன்னுதான் தெரியல."

வெகுநாள் கழித்து ஒரு தடவை அவளாகவே சொன்னாள்: "இப்பப் பேசறேன் பெரியம்மா. எதையும் கேக்கறதில்ல, பேசறேன் அவ்வளவுதான்." இன்னொரு நாள் என்னோடு கிளம்பி வந்தாள், மாடி ஏறவில்லை. கீழே பட்டறை வாசலில், படிக்கட்டின் அடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆராதனை முடிந்து நாங்கள் இறங்கும்போது அங்கேயே இருந்தாள். பாடினாயா என்று நான் கேட்கவில்லை.

வேலை இருந்தது, அதுதான் அவளை நிறுத்தி வைத்தது என்று நினைக்கிறேன். வெட்டிய தொடையைத் தினமும் துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். முதல் நாட்களில் அதைப் பார்த்தாலே அவளுக்குக் கை நடுங்கும். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தபோது துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் சன்னமாகச் சொன்னாள்: "ஆண்டவரே, இதை மாத்தி முடிக்கிற வரைக்கும் கை நடுங்காம இருக்கட்டும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. புருஷன் காலையே கேட்டவள் இப்போது கேட்டது அவ்வளவுதான். கை கொஞ்சம் நடுங்கியது. மாற்றி முடித்தாள்.

தனபாலனுக்கு அது பழகிவிட்டது. அவள் வெறுமனே வந்து துணியில் கை வைத்தால், "ஒஞ்சாமிகிட்ட சொல்லியாச்சா? சொல்லிட்டு அவுரு" என்பான். கேலிதான். ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பான்.

இதில் எங்கே வளர்ச்சி இருக்கிறது என்று சபையில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். வெட்டின பட்டை திரும்ப வளர்வதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த வாரம் பிரசங்கத்தில் உவமையாக வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் போய் ஒரு தரம் துணி மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு மற்றக் காலின் விரல்கள் கறுக்கத் தொடங்கின.

சுசீலா காலையில் பார்த்தாள், மதியத்துக்குள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். யாரிடமும் ஜெபிக்கச் சொல்லவில்லை, எந்த வசனத்தையும் தேடவில்லை. இதையும் எடுக்க வேண்டும், உடம்பு பலவீனமாக இருப்பதால் இந்தத் தடவை பயம் அதிகம் என்றார்கள். அனுசியா டவுனிலிருந்து வந்து ஜன்னலோரம் கைகட்டி நின்றாள். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

தனபாலன் கேட்டான்: "ஒஞ்சாமி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலங்க. டாக்டர் எடுக்கணும்னு சொல்றாங்க. எடுத்துடுவோம்."

"பொழச்சுக்குவேனா?"

முன்பிருந்த சுசீலாவாக இருந்தால் பிழைப்பீர்கள் என்று அடித்துச் சொல்லியிருப்பாள். இப்போது அவள் சொன்னாள்: "தெரியலங்க."

"பயமா இருக்கு சுசீலா."

"எனக்குந்தான்."

அவன் சொன்னான்: "வழக்கமா சொல்லுவியே, துணிய அவுக்கறதுக்கு முன்னாடி. அதைச் சொல்லு. என் பேரையும் சேத்துச் சொல்லு."

அவள் அவன் காலில் கை வைத்துச் சொன்னாள்: "ஆண்டவரே, தனபாலனைக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒங்க கையில விடுறேன்." அதற்குமேல் வரவில்லை. நர்ஸ் மிசி வந்து கட்டிலைத் தள்ளினாள். அனுசியாவும் அப்பாவின் கையைப் பிடித்தபடி கூடவே கதவுவரை போனாள்.

அறுவை முடிந்து கண் விழித்தான். ஆனால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. சில நாள் போராடினான். ஒரு மத்தியானம், பார்வையாளர்கள் வந்துபோகிற நேரத்தில், சுசீலா அவன் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

சடங்கெல்லாம் அவர்கள் முறைப்படிதான். சேகரன் கொள்ளி வைத்தான். பாஸ்டரும் சபையாரும் வந்து கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு பாட்டுப் பாடலாமா சுசீலா?" என்று பாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"வேணாம் பாஸ்டர். இது அவரு வழி. நீங்க உக்காந்திருந்தா போதும்."

உட்கார்ந்திருந்தார், எடுக்கிறவரைக்கும்.

எங்கள் சபையில் ராகினி என்று ஒருத்தி, நல்ல பெண்தான், ஆனால் எந்த இடத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது. சுசீலாவின் காதருகே குனிந்து, "கடைசியில ஆண்டவரை ஏத்துக்கிட்டாராக்கா? ஜெபம் பண்ணச் சொன்னாராமே? பரலோகத்துல இருக்காருன்னு நிச்சயமாச் சொல்லலாம்ல?" என்றாள்.

"ஜெபம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். மத்தது எனக்குத் தெரியாதும்மா."

"விசுவாசத்தோட சொல்லுங்கக்கா. அறிக்கை செய்யுங்க."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்குப் பேரு விசுவாசம் இல்ல ராகினி. அதைச் செஞ்சு பாத்துட்டேன்" என்றாள் சுசீலா. குரல் உயரவில்லை. "அவரு கையில விட்டேன். திரும்ப வாங்கிப் பாக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, படிக்கட்டடியில் செருப்புகளோடு உட்கார்ந்திருந்த காலமெல்லாம் இவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று. நாங்கள் மேலே கை தட்டிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அனுசியா பையைக் கட்டினாள். நான் கூடத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் அவர்கள் பேசினார்கள்.

"அன்னைக்கே எடுத்திருந்தா முட்டிக்குக் கீழதான் போயிருக்கும். அப்பா இருந்திருப்பாரு."

"ஆமா."

"ஆமான்னு சொல்லிட்டா சரியாப் போச்சா?"

"சரியாகாது. நான்தான் பண்ணேன்."

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. "இன்னும் அந்தச் சாமியத்தான் கும்பிடப் போறியா?"

"ஆமா."

"எப்படிம்மா ஒன்னால முடியுது?"

"முடியறதில்லடி, சில நாள். ஆனா நான் செஞ்சதை முழுசா எடுத்துட்டுப் போய் நிக்க எனக்கு வேற எடம் இல்ல. ஒங்கிட்ட வந்து நின்னா ஒன்னால தாங்க முடியாது."

அனுசியா பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

இது நடந்து வெகுகாலமாயிற்று. சுசீலா இப்போதும் பழம் பொறுக்கப் போகிறாள், வேறு ஒருவர் மோட்டாரில் தொற்றிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வருகிறாள். அவளுக்கு முகம் பளபளக்கவில்லை, தூக்கம் சரியில்லை, சில வாரம் கண் வீங்கி வருகிறாள். ஆராதனை முடிந்ததும் கீழே இறங்கி, பட்டறை வாசலில் நின்று மகளுக்குப் போன் போடுவாள். ஒரு தடவை சபைப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, இந்தக் கிறிஸ்மஸுக்குள் மகள் வந்துவிடுவாள், நாங்கள் விசுவாசிக்கிறோம் என்றார்கள். சுசீலா கையைத் தூக்கி நிறுத்தினாள். "நாள் குறிக்காதீங்க. வரணும்னு கேளுங்க, சேந்து கேப்போம். எப்பன்னு அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேணாம்."

நான் பிடிவாதக்காரி. எனக்கு ஆண்டவர்மேல் இன்னும் சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன, அந்த மழைநாளைப் பற்றி, அந்தத் துண்டைப் பற்றி. போய்ச் சேர்ந்த பிறகு கேட்பேன். சுசீலாவிடம் இதைச் சொன்னபோது, "கேளுங்க பெரியம்மா, கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள்.

போன ஞாயிறும் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு பைக்குள் போட்டு மூடினாள்.

"எடுக்கலையா?" என்றேன்.

"இல்ல. அடுத்த வாரம் போடறேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க பெரியம்மா. செர்காம்லேருந்து மீன்காரரு வந்திருப்பாரு, நல்ல மீனெல்லாம் போயிரும்."

எனக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது. அவள் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.